நாற்பத்தோராம் தாழியின் சொந்தக்காரர்கள்

இரண்டாயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முன்பு செத்துத் தாழிக்குள் வைக்கப்பட்ட ஆளும், நேற்று மதியம் வரை பரம்பில் மண் சலித்துக்கொண்டிருந்த சுடலைவடிவும் ஒரே ஆள் என்று சொன்னது வேர்ப்பெட்டி.

முகாமின் மரபணு ஆய்வாளர் பெனிட்டா திரையை அணைத்து மறுபடி போட்டாள். எண் மாறவில்லை. தலைமுறை இடைவெளி: பூஜ்யம். தாயும் மகளும் என்றால் ஒன்று காட்டும். பூஜ்யம் என்றால் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்கால். கூகைப்பரம்பு அகழாய்வு முகாமின் தகரக் கொட்டகை அதற்குள் கொதிக்கத் தொடங்கியிருந்தது. நேற்று மாலை பெட்டியே சான்றிதழ் அடித்து, நில வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கும் அனுப்பிவிட்டது. சான்றிதழில் எண் எதுவும் இருக்காது. ஒரு பெயர், 'மிக நெருக்கம்' என்ற சொல், பச்சை முத்திரை. அவ்வளவுதான். எண்கள் இருக்கும் பின்பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. கோப்பில் வைக்க இன்று திறந்ததால்தான் பெனிட்டாவின் கண்ணிலேயே பட்டது.

வேர்ப்பெட்டி வந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரு பீரோ அளவு இருக்கும். சிட்டிகை எலும்புத் தூள் போட்டால் போதும். மருத்துவ அட்டைக்காக ரத்தம் கொடுத்துப் பதிந்துகொண்ட எல்லாரோடும் ஒப்பிட்டு, இந்த எலும்புக்கு இன்று உயிரோடு இருக்கும் சொந்தக்காரர் யார் என்று சொல்லிவிடும். பெட்டி வந்த மறுவருடமே சட்டமும் வந்தது. புராதனப் புதைகுழி உள்ள நிலத்தை எடுக்க வேண்டுமானால், புதைந்திருப்பவரின் வாரிசு சம்மதிக்க வேண்டும். வாரிசு அந்த நிலத்திலேயே குடியிருந்தால் எடுக்கவே முடியாது.

கூகைப்பரம்பு என்ற அந்த மேட்டின் மேல் அறுபத்து நான்கு வீடுகள் இருந்தன. சுடலைவடிவின் வீடு பதினேழாவது.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் ராட்சதக் குழாய் அந்த வீடுகள் வழியாகத்தான் போக வேண்டும் என்று வரைபடம் சொன்னது. குழாய் போய்ச் சேரும் மூன்று ஊர்களில் ஒன்று மணல்துறை. பெனிட்டா பிறந்த ஊர். அங்கே அவள் அம்மா ரெஜினா, ஒன்பது நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் வண்டிக்காக ஏழு குடங்களோடு வெயிலில் நிற்கிறாள்.

விசாரணை திங்கட்கிழமை பதினோரு மணிக்கு.

"பூஜ்யம்னா?" என்றார் செந்தூர்பாண்டியன். அகழாய்வின் இயக்குநர். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. தலையில் ஈரத்துண்டோடு கொட்டகை வாசலிலேயே நின்றார்.

"பூஜ்யம்னா பெட்டியில அரைச்சுப் போட்ட அந்தப் பல்லுல இருந்தது செத்தவங்க மரபணு இல்ல சார். வடிவக்காவோடது. எப்படியோ ஏறியிருக்கு."

"எப்படி ஏறும்? கையுறை, முகமூடி, மேலங்கி எல்லாம் போட்டாத்தான் குழிக்குள்ளயே விடுறேன். தினம் தொண்டை கிழியக் கத்துறேனே."

"அதான் எனக்கும் புரியல."

அவர் துண்டை எடுத்துப் பிழிந்தார். "சான்றிதழ் போயிடுச்சில்ல?"

"போயிடுச்சு."

"முத்திரை பச்சைதானே?"

"சார்!"

"இல்லம்மா, கேக்குறேன். அஞ்சு வருஷத்துல பதினோரு இடத்துல இந்தப் பெட்டி சொன்னதை வச்சுத் தீர்ப்பாகியிருக்கு. எவனாவது பின்பக்கத்தைக் கேட்டிருக்கானா?"

"நான் பார்த்துட்டேனே சார்."

"பார்த்ததை மறந்துடு. இந்தப் பரம்புல இன்னும் நூத்தி அறுபது தாழி திறக்காமக் கிடக்கு. குழாய்க்காரன் வந்தா ஒரே வாரத்துல எந்திரத்தை ஏத்தி எல்லாத்தையும் ஓடாக்கிடுவான். அறுபத்து நாலு குடும்பம் தெருவுக்கு வரும். அதுக்கு மேல ஒண்ணு சொல்லட்டா?" குரலைத் தணித்தார். "நீ திங்கட்கிழமை எந்திரிச்சு 'தப்பு நடந்துபோச்சு'ன்னு சொன்னா, வெளிய என்ன பேசுவாங்க தெரியுமா? மணல்துறைக்காரி, அவ ஊருக்குத் தண்ணி வேணும்னு தாழியவே கவுத்துட்டானு பேசுவாங்க."

பெனிட்டாவுக்குச் சுருக்கென்றது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த கணத்தில் அவள் மனதில் முதலில் வந்தது அம்மா வீட்டுக் குழாய்தான். அதில் தண்ணீர் கொட்டுவது போலத்தான்.

பரம்பின் மேல் இருந்த அந்த அறுபத்து நான்கு வீடுகளுக்குப் புதுநகர் என்பது அரசாங்கம் வைத்த பெயர். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரியூர்க்காரர்கள் அதை லாரியூர் என்பார்கள். நாற்பது வருடத்துக்கு முன்பு துறைமுகத்தை விரித்தபோது, கடலோரத்தில் குடியிருந்தவர்களை லாரிகளில் ஏற்றி வந்து, ஆளில்லாப் பொட்டல் என்று இந்த மேட்டில் இறக்கிவிட்டார்கள். கீழே ஆட்கள் இருந்தது அப்போது யாருக்கும் தெரியாது.

பெனிட்டா போனபோது தெருமுனையில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். '2600 ஆண்டுகளாக இங்கேதான் இருக்கிறோம்' என்று ஒரு பதாகை. புத்தம்புதுப் பானை ஒன்றுக்குச் சிவப்புச் சேலை சுற்றி, மஞ்சள் பூசி, தாழியம்மன் என்று எழுதி வைத்திருந்தார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சுடலைவடிவு, கல்யாணப்பெண் மாதிரி கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. அகழாய்வில் மூன்று வருடமாக மண் சலிக்கிறாள். பாசிமணியையும் எலிப்புழுக்கையையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடுவாள்.

"வாங்க டாக்டரம்மா!" என்று கூவினாள் அடுத்த வீட்டு முத்துக்கனி. "இனிமே எவனாவது லாரியூர்னு சொல்லட்டும், இருக்கு அவனுக்கு. பெரியூர் டீக்கடைக்காரன் இன்னைக்கு வடிவக்காகிட்ட டீக்கு துட்டு வாங்க மாட்டேனுட்டான். 'எங்களுக்கு முன்னாடி வந்தவிய நீங்க'ங்கான். மூஞ்சியப் பாக்கணுமே, வெளக்கெண்ணெய் குடிச்சாப்பல!"

பெனிட்டா வடிவைத் தனியாக அவள் வீட்டு அடுப்படிக்கு அழைத்துப் போனாள்.

"அக்கா, நாற்பத்தோராம் தாழியைத் திறந்த அன்னைக்கு அந்தப் பல்லைத் தொட்டீங்களா?"

"தொடலியே."

"கையுறையைக் கழட்டினீங்களா?"

வடிவு அடுப்பைச் சின்னதாக்கினாள். கொதித்த டீ அடங்கியது.

"செத்த நேரம்."

"எதுக்கு?"

"வாய்க்கரிசி போட."

பெனிட்டா அடுப்படி மணையில் உட்கார்ந்தாள்.

"நீங்க எல்லாரும் மேல இருந்து போட்டோ புடிக்க ஏணி எடுக்கப் போனீய. நான் மட்டுந்தான் குழியில நின்னேன். அது அண்ணாந்து வாயத் தொறந்துக்கிட்டு என்னையவே பாத்துச்சு. யாரு பெத்த புள்ளையோ! நிம்மதியாக் கெடந்ததைத் தோண்டி வெளிய எடுக்கோம், மறுபடி ஒரு சாவுதான டாக்டரம்மா அது? காலையில பூசைக்குக் கொண்டாந்த பச்சரிசி மடியில இருந்துச்சு. தண்ணி தொட்டு மூணு தரம் போட்டேன். அழுகை வேற வந்துட்டு."

"கையுறையோட போட்டிருக்கலாமே அக்கா."

வடிவு அவளை விநோதமாகப் பார்த்தாள். "கிளவுஸ மாட்டிக்கிட்டு யாராச்சும் வாய்க்கரிசி போடுவாவளா? வெறுங்கையில போட்டாத்தான் போய்ச் சேரும்."

"அரிசி அங்க இல்லியே. நான் பார்த்தப்ப ஒண்ணுமே இல்லியே?"

"நீங்க வைவியன்னு எடுத்துட்டேன். பல்லிடுக்குல போனதக்கூட வெரல வுட்டு ஒவ்வொண்ணா."

எச்சில் துப்பாதீர்கள், தும்மாதீர்கள், வெற்றிலை போடாதீர்கள் என்று பெனிட்டா பக்கம் பக்கமாக எழுதிக் கொட்டகையில் ஒட்டியிருந்தாள். இரக்கப்படாதீர்கள் என்று எழுதத் தோன்றவில்லை. அவள் வீட்டு வழக்கத்தில் குழியில் ஒரு பிடி மண் போடுவார்கள். வாய்க்கரிசி அவள் பட்டியலில் வரவே இல்லை.

விஷயத்தைச் சொன்னாள். வடிவு வேகமாகப் புரிந்துகொண்டாள்.

"அப்போ எனக்கும் அதுக்கும் சொந்தமில்லியா?"

"தெரியலக்கா. அந்தப் பல்லுல நீங்கதான் இருக்கீங்க. அவங்களைக் காணோம்."

வெளியே ஒலிபெருக்கி ஒருதரம் கீச்சென்று கத்தி அடங்கியது.

"எங்க அம்மையக் கடக்கரையில பொதச்சோம். இப்போ அதுக்கு மேல கப்பல் நிக்கி. எங்க அப்பன இந்த மேட்டுல பொதச்சோம். அதுக்கு மேல குழாய் வரப்போவுது. நான் செத்தா என்னைய எங்க கொண்டு போடுவாவ, சொல்லுங்க?"

பெனிட்டா டீ டம்ளரை வாங்கிக்கொண்டாள். "காதுக்குள்ள ஒரு எலும்பு உண்டு அக்கா. கல்லு மாதிரி கெட்டி. யார் கையும் அங்க போகாது. அதைத் துளைச்சுப் போட்டுப் பார்க்கிறேன். திங்கட்கிழமைக்குள்ள முடிஞ்சுடும்."

"அதுல நான் இல்லேன்னா?"

பெனிட்டா டீ டம்ளரைக் கையில் சுற்றினாள்.

"ஒங்க ஊருக்குத் தண்ணி வரும்" என்றாள் வடிவு. அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் பெனிட்டாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை காதெலும்பைத் துளைத்தாள். செந்தூர்பாண்டியன் தடுக்கவில்லை. ஞாயிறு பத்து மணிக்குப் பெட்டி ஒரு பெயருக்குப் பதில் இருபது பெயர்களைக் காட்டியது. ஓசூரில் ஒரு பல் மருத்துவர். கடலூரில் ஓர் அஞ்சல் ஊழியர். வால்பாறையில் ஒரு தேயிலைத் தொழிலாளி. பன்னிரண்டாவது பெயர் பெரியூர் டீக்கடைக்காரர். புதுநகரிலிருந்து ஒருவர்கூட இல்லை. போதாக்குறைக்கு, தாழியில் இருந்தது ஆண்.

சட்டப்படி வேலை முடிந்தது. இருபது பேரும் சம்மதித்தால் குழாய் வரும். யாருக்கு என்ன, சம்மதித்துவிடுவார்கள்.

பெனிட்டா இந்த முறை பின்பக்கத்தை முதலில் திறந்தாள். முதல் ஆளுக்குத் தலைமுறை இடைவெளி தொண்ணூற்றெட்டு. இருபதாவது ஆளுக்கும் தொண்ணூற்றெட்டு. இருவருக்கும் இடையிலான வித்தியாசம் மயிரிழைகூட இல்லை. அப்படியானால் இருபத்தோராவது ஆள்?

பெட்டி செய்த கம்பெனியின் சேவை எண்ணுக்கு அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கொட்டாவியோடு ஒருவர் பேசினார்.

"ஏன் இருபது பேரை மட்டும் காட்டுது?"

"திரையில இருபது வரிதான் மேடம் பிடிக்கும்."

"அதனாலயா?"

"முதல்ல செஞ்ச பெட்டியில சின்னத் திரை. அப்புறம் பெரிய திரை வந்திச்சு. ஆனா பழகிட்டதேனு இருபதையே வச்சுட்டாங்க."

"அந்த வரம்பை எடுக்க முடியுமா?"

"தாராளமா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம்."

வரம்பை எடுத்தாள். எண் ஓடத் தொடங்கியது. நூறு, ஆயிரம், லட்சம். மதியம் செந்தூர்பாண்டியன் எட்டிப் பார்த்தபோது அது ஒரு கோடியைத் தாண்டியிருந்தது.

"கெட்டுப்போச்சா?"

"இல்ல சார். இன்னைக்குத்தான் ஒழுங்கா வேலை செய்யுது." பெனிட்டா ஒரு காகிதத்தை இழுத்தாள். "உங்களுக்கு அப்பா அம்மா ரெண்டு பேர். அவங்களுக்கு நாலு பேர். அதுக்கு மேல எட்டு. இப்படியே முப்பது தலைமுறை போனா நூறு கோடி பேர் வேணும். அன்னைக்கு உலகத்துலயே அத்தனை பேர் இல்ல. அப்போ ஒரே ஆளே ஆயிரம் வழியா உங்களுக்கு முப்பாட்டனா வந்துக்கிட்டு இருக்கார். நூறு தலைமுறை போனா கேட்கவே வேண்டாம். அன்னைக்கு இந்தப் பக்கம் வாழ்ந்து வம்சம் அத்துப்போகாம இருந்தா, அவர் நம்ம எல்லாருக்கும் முப்பாட்டன்."

"அத்துப்போயிருந்தா?"

"ஒருத்தருக்கும் இல்ல. ஒண்ணு எல்லாரும், இல்லேன்னா யாருமே இல்ல. நடுவுல ஒண்ணும் கிடையாது சார்."

அவர் வெளியே ஒருதரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "நம்மாள்தான் சாதி விட்டுச் சாதி கட்ட மாட்டானே?"

"இப்போ கட்டலை. அப்போ கட்டியிருக்கான்."

எண் மூன்று கோடியே பன்னிரண்டு லட்சத்தில் நின்றது. பதிவேட்டில் இருப்பவர்களே மொத்தம் மூன்று கோடியே இருபது லட்சம்தான். மிச்ச எட்டு லட்சம், வேறெங்கிருந்தோ வந்து பதிந்தவர்கள். செந்தூர்பாண்டியன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இதைச் சொன்னா சட்டமே விழுந்துடும், தெரியுமா?"

"சட்டத்துல இருபதுனு எங்கயும் இல்ல சார். வாரிசுனு மட்டும்தான் இருக்கு."

"எந்தப் பக்கம்மா நீ?"

"நான் எலும்பு என்ன சொல்லுதுனு..." வாக்கியத்தை முடிக்க அவளுக்கே சங்கடமாக இருந்தது.

திங்கட்கிழமை தீர்ப்பாயத்தின் கூடத்தில் நிற்க இடமில்லை. ஒரு பக்கம் புதுநகர். மறுபக்கம் காலிக் குடங்களோடு மூன்று ஊர்க்காரர்கள். ரெஜினா வரவில்லை. அன்று தண்ணீர் வண்டி முறை.

முன்னாள் நீதிபதி கிருபாநிதி மேடையில் இருந்தார். பெனிட்டா முதலில் பல்லைப் பற்றிச் சொன்னாள். வாய்க்கரிசியைச் சொன்னாள். சான்றிதழ் தவறு என்றாள். புதுநகர்ப் பக்கம் இரைச்சல் எழுந்தது. "அவ ஊருக்காக ஊளையிட வந்துட்டா!" என்று ஒரு குரல். முத்துக்கனி வடிவைத் திரும்பிப் பார்த்தாள். மொத்தக் கூட்டமும் பார்த்தது. வடிவு தலையைக் குனிந்துகொண்டு தன் உள்ளங்கையை முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

குழாய்த் திட்டத்தின் வக்கீல் குற்றாலிங்கம் எழுந்தார். முகம் பூத்திருந்தது. "அவ்வளவுதானே ஐயா? வாரிசு இங்கே குடியில்லை. வழக்கு முடிந்தது."

"முடியலை" என்றாள் பெனிட்டா. இருபது வரித் திரையைப் பற்றிச் சொன்னாள். பிறகு, பட்டியல் அடங்கிய விரற்கடை அளவு நினைவகத்தைக் குமாஸ்தாவிடம் நீட்டினாள். எது வந்தாலும் வாங்கியவுடன் முத்திரை குத்திப் பதிவில் சேர்ப்பது அவர் முப்பது வருடப் பழக்கம். குத்தினார்.

"மூணு கோடியே பன்னிரண்டு லட்சம் வாரிசு இருக்காங்க ஐயா. புதுநகர் முழுக்க இருக்கு. பெரியூர் முழுக்க இருக்கு. மணல்துறையும் இருக்கு. நானும் இருக்கேன்."

குற்றாலிங்கம் சட்டென்று சுதாரித்தார். "நான் இருக்கேனா டாக்டர்?"

"இருக்கீங்க."

"அப்போ வாரிசுங்கிற முறையில் நான் சம்மதிக்கிறேன்!" என்று கையைத் தூக்கினார். மூன்று ஊர்ப் பக்கம் கைதட்டல்.

"சாவுக்கு வராதவரு சொத்துக்கு வந்துட்டாரு பாத்தியளா!" என்றாள் வடிவு. தலை நிமிர்ந்திருந்தது. கைதட்டியவர்களிலேயே பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்.

கிருபாநிதி சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "டாக்டர், கிருபாநிதி, தகப்பனார் பெயர் வேதமுத்து. பாருங்க."

"பார்த்துட்டேன் ஐயா. இருக்கு."

"நினைச்சேன்." சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "ஒன்பதாம் பிரிவு. புதைக்கப்பட்டவரின் வாரிசு எவரும் அவர் தொடர்பான வழக்கை விசாரிக்கக் கூடாது. நான் எழுந்துக்கணும். எனக்குப் பதில் யார் வந்து உட்கார்றது?"

"மிச்சம் எட்டு லட்சம் பேர்ல தேடினேன் ஐயா. நீதிபதி யாரும் இல்ல."

அவர் குமாஸ்தாவைப் பார்த்தார். "முத்திரை குத்தியாச்சா?"

"ஆச்சுங்க ஐயா."

"அப்போ இனி தீர்ப்பு சொல்ல ஆள் கிடையாது. வாரிசு அங்கேயே குடியிருக்கார், நிலத்தை எடுக்கக் கூடாதுன்னு சொல்லக்கூட ஆள் கிடையாது. பதினான்காம் பிரிவுதான் வழி. பதிவில் உள்ள ஒவ்வொரு வாரிசுக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு. அறுபது நாள் அவகாசம். எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்." எழுந்தார். போகிறபோது வடிவின் பக்கம் ஒருதரம் நின்றார். பிறகு நடந்துவிட்டார்.

வெளியே மரத்தடியில் வடிவு பெனிட்டாவைப் பிடித்துக்கொண்டாள். "செயிச்சோமா, தோத்தோமா?"

"ரெண்டும் இல்லக்கா."

"பெரியூர்க்காரனும் நானும் ஒரே சொந்தங்கிய. நாலு நாளா அந்த ஊருல தலை நிமிந்து நடந்தேன். அதயும் புடுங்கிட்டீய." தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "போட்டதுல ஒண்ணும் தப்பில்லைல்லா? அவரு எனக்கும் தாத்தாதான?"

"தப்பில்லக்கா."

தப்பு என்று துறை முடிவு செய்தது. கையுறை கழற்றியதற்காக மறுநாளே வடிவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பெனிட்டாவுக்குப் பெட்டியைத் தொட ஒரு வருடம் தடை. அறிவிப்பு அனுப்பும் பிரிவில் விலாசம் சரிபார்க்கும் வேலை. மூன்று கோடித் தபாலும் போய்ச்சேர இருபது வருடம் ஆகும் என்று கணக்குப் பார்த்த திட்டக்காரர்கள் அரசிடம் போய் நின்றார்கள். ஒரு சமரசம் வந்தது. முதலில் இந்த மாவட்டத்துக்கு மட்டும் அனுப்புவது. மாவட்டம் சம்மதித்தால் திட்டத்துக்குச் சட்டத்திலிருந்து விலக்கு, குழாய் நேராகப் போகும். ஆட்சேபித்தால் பதினான்கு கிலோமீட்டர் சுற்றிப் போகும், தண்ணீர் நான்கு வருடம் தாமதமாகும்.

படிவம் எளிமையானது. இரண்டு கட்டங்கள். சம்மதம், ஆட்சேபம்.

பெனிட்டாவின் படிவம் அவள் மேசைக்கே வந்தது. இரண்டு வாரம் இழுப்பறையில் கிடந்தது. மூன்றாவது வாரம் மணல்துறையிலிருந்து போன். தண்ணீர் வண்டித் தள்ளுமுள்ளில் ரெஜினா விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. மருத்துவமனையில், மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அம்மா, "ரெண்டு குடம் போச்சுட்டி" என்றுதான் அழுதாள். அன்று மதியம் அலுவலகம் திரும்பியதும் பெனிட்டா படிவத்தை எடுத்தாள். வடிவின் அடுப்படி ஞாபகம் வந்தது. அது முழுதாக வருவதற்குள் சம்மதத்தில் குறி போட்டு, மடித்து, பதில்கள் போடும் பெட்டியில் போட்டுவிட்டாள்.

பத்து நாள் கழித்து ரெஜினா அழைத்தாள்.

"ஏட்டி, போன வாரம் சர்க்கார் தபால் ஒண்ணு வந்துச்சு. நம்ம சொந்தத்துல யாரோ தவறிட்டாவன்னு போட்டிருக்கு. யாருட்டி? என் பக்கமா, ஒங்க அப்பா பக்கமா?"

"ரெண்டு பக்கமும்மா."

"வயசானவரா?"

"முப்பத்தஞ்சு, நாப்பது இருக்கும்."

"ஐயோ, பாவமே! புள்ளைங்க?"

"இருந்திருக்காங்க. அதனாலதான் நாம இருக்கோம்."

அம்மாவுக்கு விளக்கிச் சொல்லப் பத்து நிமிடம் ஆயிற்று. இடையிடையே 'ம்' மட்டும் வந்தது. கடைசியில், "ரெண்டாயிரத்து அறுநூறு வருசம் கழிச்சா சொல்லுதாவ, நல்ல ஆளுங்கட்டி" என்றாள்.

"குறி போட்டு அனுப்பணும்மா. எதுல வேணும்னாலும் போடலாம். உன் இஷ்டம்."

"தபால் வந்த அன்னைக்கே போட்டாச்சு. இடது கையால கோணலா விழுந்திருக்கு. ஆட்சேபத்துல போட்டேன்."

பெனிட்டா நாற்காலியில் நிமிர்ந்தாள். "அம்மா, அப்படிப் போட்டா தண்ணி இன்னும் நாலு வருஷம் ஆகும். புரிஞ்சுதானே போட்ட?"

"எழுதப் படிக்கத் தெரியாதவளா நான்? எங்க அண்ணன் கடலுக்குப் போயி பொணமாக்கூட வரல. இந்தத் தெருவுல வீட்டுக்கு ஒண்ணு அப்படித்தான். வெறும் பெட்டியப் பொதச்சிட்டு கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி கொளுத்துதோம். நம்மாளு ஒருத்தருக்கு ஒடம்போட ஒரு குழி கெடச்சிருக்கு. அதத் தோண்டி நகத்துங்கன்னு நான் எப்படிட்டி கையெழுத்துப் போடுவேன்? மேல குடியிருக்கதுவளும் இருந்துட்டுப் போவட்டும். சாவு விழுந்த வீட்டுல போயி யாராச்சும் வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாவளா? எங்க தெருவே அதுலதான் போட்டிருக்கு."

பெனிட்டாவின் முன்னால், அன்று வந்த பதில்களின் கட்டு இருந்தது. மேலே இருந்தது மணல்துறைக் கட்டுதான். பிரித்தாள். ஆட்சேபம். ஆட்சேபம். ஆட்சேபம். கோணல்மாணலாக, மீன் செதில் ஒட்டிய விரல்ரேகைகளோடு.

"ஏட்டி, கேக்குதா? நீ எதுல போட்ட?"

பெனிட்டா போனைக் காதிலிருந்து சற்றே தள்ளிப் பிடித்தாள்.

"சரியாக் கேக்கலம்மா" என்றாள்.